கடப்பாவா, கோட்டாவா, தோல்பூரா: கடல் பக்கத்து வீட்டுக்கு எந்தக் கல்லு?

திருவான்மியூர்ல அம்மா இருக்கிற வீடு 1988ல கட்டினது. பீச்சுக்கு நடந்தா பத்து நிமிஷம். தரை மொசைக், கிச்சன் மேடை கடப்பா, ஜன்னல் கம்பியெல்லாம் உப்புக்காத்துல பொரிஞ்சு தொட்டா உதிருது. இந்த வருஷம் கீழ ரிப்பேர் பண்ணிட்டு மேல ஒரு போர்ஷன் எடுக்கலாம்னு முடிவாச்சு. பிளான் ரெடி, மேஸ்திரி ரெடி, லோனும் வந்துடுச்சு, ஆனா கல்லு விஷயத்துல மட்டும் மூணு மாசம் இழுத்துக்கிட்டே போச்சு. அண்ணன் எல்லா இடத்துலயும் கோட்டா போட்டுடுங்கறான், அம்மா கடப்பாவுக்கு என்னடி குறைச்சல்ங்கறாங்க, எலிவேஷனுக்கு, அதாவது வெளி முகப்புச் சுவருக்கு, தோல்பூர் கல்லு ஒட்டினாதான் லுக்குன்னு இன்ஜினியர் நிக்கறாரு, சித்தி பொண்ணு இதுக்கு நடுவுல துருக்கி டிராவர்டைன் போட்டோவா அனுப்பித் தள்றா.

இதுல சொன்ன நாலுமே படிவுப் பாறைதான். ஆத்துலயோ கடல்லயோ அடிச்சுட்டு வந்த மணல், களி, சுண்ணாம்பு எல்லாம் அடுக்கடுக்கா படிஞ்சு இறுகின கல்லு, டிராவர்டைன் மட்டும் ஊத்துத் தண்ணில கரைஞ்ச சுண்ணாம்பு வெளிய வந்து படியறது. கடைக்காரங்க கல்லுக்கு அறுபது பேர் வெச்சிருப்பாங்க, ஆனா வீடு கட்றவங்களுக்கு ரெண்டே குடும்பம் தெரிஞ்சா போதும். ஒண்ணு சுண்ணாம்புக் கல்லு: கடப்பா, கோட்டா, ஷாபாத், தாண்டூர், ஜெய்சல்மேர் மஞ்சள், டிராவர்டைன். இன்னொண்ணு மணற்கல்லு: தோல்பூர், ஆக்ரா சிவப்பு, ராமர் கோயிலுக்குப் போன பன்சி பஹார்பூர் இளஞ்சிவப்பு. முதல் குடும்பத்துக்கு எதிரி புளிப்பு, ரெண்டாவதுக்கு எதிரி உப்பு. நம்ம வீட்ல எந்த இடத்துல எது கொட்டும்னு பாத்துட்டா பாதி குழப்பம் போயிடும். இது எனக்குப் புரிய மூணு மாசம் ஆச்சு.

ஒரு விஷயம் வேடிக்கை. சென்னையோட சொந்தக் கல்லு படிவுப் பாறையே இல்ல. பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் இருக்கிறது சார்னோகைட், பூமிக்கு ரொம்ப அடியில பயங்கர சூட்டுல உருவானது. கொல்கத்தாவுல கிழக்கிந்தியக் கம்பெனி ஆளு ஜாப் சார்னாக்கோட சமாதிக் கல்லும் அதே வகைங்கறதாலதான் அந்தப் பேரே வந்துச்சு. அதை உடைச்சு ஜல்லியாக்கி கான்கிரீட்ல போட்டுட்டோம், தரைக்குக் கல்லு வேணும்னா ஆந்திராவுக்கும் ராஜஸ்தானுக்கும் போறோம்.

சரி, கடப்பாவுல இருந்து வரேன், ஏன்னா வீட்ல ஏற்கனவே அதுதான் இருக்கு.

கடப்பா டவுன் இங்க இருந்து சுமார் 260 கிலோமீட்டர். கல்லு வர்றது அந்த ஜில்லாவுல இருந்து மட்டும் இல்ல, பேதம்செர்லா, தாடிபத்ரி பக்கத்துல இருந்தும் வருது, நம்ம ஊர்ல கறுப்பா இருந்தா எல்லாமே கடப்பாதான். இந்தக் கல்லு சீப்பா கிடைக்கறதுக்குக் காரணம் அது படிஞ்ச விதம். அடுக்கு அடுக்கா இருக்கிறதால உளி வெச்சுத் தட்டினா தோசை மாதிரி தட்டு தட்டா பிரியும், கிரானைட் மாதிரி பெரிய பிளாக்கை மெஷின்ல போட்டு அறுக்க வேண்டியதில்ல. அதே காரணத்தாலதான் ஒரு ஸ்லாப் முக்கால் இன்ச்னா பக்கத்து ஸ்லாப் ஒரு இன்ச்சா இருக்கும், வருஷம் போகப் போக ஓரத்துல இருந்து செதில் செதிலா உரியும். ஷாபாத் கல்லும் இதே ஜாதிதான், கர்நாடகா கலபுரகி பக்கம், கலர் மட்டும் சாம்பல். தாண்டூர் தெலங்கானாவுல, மஞ்சளும் நீலமும் வரும். இது ரெண்டும் நம்ம ஊர்க் கடைல கேட்டா ஆர்டர் போட்டுத்தான் எடுக்கணும்ங்கறாங்க, நான் அதோட விட்டுட்டேன்.

அலமாரித் தட்டு, லாஃப்ட், பூஜை ரூம் பலகை இதுக்கெல்லாம் கடப்பாவை மிஞ்ச ஒண்ணும் இல்லைன்னு இப்பவும் சொல்வேன். கரையான் வராது, பிளைவுட் மாதிரி ஊறி உப்பாது, அரிசி மூட்டை ஏத்தினாலும் தாங்கும். ஆனா மூணு அடிக்கு மேல நடுவுல தாங்கல் இல்லாம விடாதீங்க, கல்லு வளையாது, ஒரே அடியா உடையும். அம்மா வீட்டு லாஃப்ட் 35 வருஷத்துக்கு மேல ஆகியும் ஸ்ட்ராங்கா இருக்கு.

கிச்சன் மேடைதான் வேற கதை. அம்மாவோட மேடைல ஸ்டவ்வுக்கு வலது பக்கம் ஒரு வட்டம் இருக்கு, சரியா கிண்ணம் சைஸ்ல, வெளுத்துப் போய். தினமும் காலைல புளி ஊறப்போடற கிண்ணத்தை அங்கதான் வைப்பாங்க. நான் சின்ன வயசுல இருந்து அதைக் கறைன்னு நினைச்சுட்டு சபீனா போட்டுத் தேய்ச்சிருக்கேன். போன மாசம் விரலால தடவிப் பாத்தேன், சுத்தி இருக்கிற இடத்தை விட அந்த வட்டம் சொரசொரன்னு லேசா பள்ளமா இருக்கு. அது கறையே இல்ல, கல்லு கரைஞ்சு போன இடம். சுண்ணாம்புக் கல்லுன்னா கால்சியம் கார்பனேட், புளில இருக்கிற டார்டாரிக் ஆசிட், எலுமிச்சைல இருக்கிற சிட்ரிக், வினிகர் எல்லாமே அதைக் கரைக்கும். அம்மாகிட்ட சொன்னேன், "அவ்ளோ வருஷம் சாம்பார் வெச்சிருக்கேன்டி, கல்லும் கொஞ்சம் குடிச்சிட்டுப் போகட்டும்"னாங்க.

இதே தப்பை நானும் பெருசா பண்ணியிருக்கேன். வேளச்சேரில வாடகைக்கு இருந்தப்போ பாத்ரூம் தரை கோட்டா. குடி வந்த முதல் ஞாயித்துக்கிழமை டாய்லெட் கிளீனரைத் தரை பூரா ஊத்திட்டேன், புஸ்ஸுன்னு நுரை வந்துச்சு, ஆஹா அழுக்கெல்லாம் போகுதுன்னு சந்தோஷமா பத்து நிமிஷம் ஊற விட்டேன். போனது அழுக்கு இல்ல, கல்லு. அதுல இருக்கிறது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், நுரை கார்பன் டை ஆக்சைடு. காஞ்சப்புறம் தரை சாக்பீஸ் தடவின மாதிரி வெள்ளையா ஆயிடுச்சு, வீடு காலி பண்றப்போ அட்வான்ஸ்ல அதுக்கும் சேத்துப் பிடிச்சாங்க, கேக்க வாயில்ல. அதனால பாத்ரூமுக்கு எந்தச் சுண்ணாம்புக் கல்லும் வேணாம்ங்கறது என் பிடிவாதம். சோப்புத் தண்ணி மட்டும்தான் ஊத்துவேன்னு நீங்க சத்தியம் பண்ணலாம், உங்க வீட்டு வேலைக்கு வர்றவங்களும் விருந்தாளியும் பண்ண மாட்டாங்க.

அப்போ கோட்டா வேணாமான்னா, வேணும். ஹாலுக்கும் ரூமுக்கும் நான் கோட்டாதான் எடுத்திருக்கேன்.

கோட்டா கல்லு ராஜஸ்தான்ல ராம்கஞ்ச் மண்டி பக்கத்துல இருந்து வருது, இங்க வந்து சேர ரெண்டாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. இதுவும் சுண்ணாம்புக் கல்லுதான், ஆனா மணிமணியா இல்லாம ரொம்ப நைஸான அமைப்பு, உள்ள சிலிக்கா கலந்திருக்கு, அதனால கெட்டி, தண்ணியும் அவ்வளவா உறிஞ்சாது. நம்ம ஊர்ல ஸ்கூல், ஆஸ்பத்திரி காரிடார்ல பச்சையும் நீலமும் கலந்த மாதிரி மங்கலா ஒரு தரை இருக்குமே, அநேகமா அதுதான். எத்தனை ஆயிரம் செருப்பு ஏறி இறங்கியும் அப்படியே இருக்கும், தேய்ஞ்சா மெஷின் போட்டு மறுபடி பாலிஷ் பண்ணிக்கலாம், அதுதான் இதுல மெயின் பாயிண்ட். விட்ரிஃபைட் டைல்ல மேல் பளபளப்பு போச்சுன்னா டைலையே பேத்து மாத்தணும், கோட்டாவுல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கல்லு. கோடைல வெறுங்கால்ல நடந்தா வித்தியாசம் தெரியும், சில்லுன்னு இருக்கும், அம்மா முட்டி வலிக்கு அது ஆகுமா ஆகாதான்னு தனி பஞ்சாயத்து ஓடிட்டு இருக்கு.

குறை இல்லாம இல்ல. வெயிட் ஜாஸ்தி. கணக்கு போட்டுப் பாத்தேன், 20 மில்லிமீட்டர் கல்லு ஒரு சதுர அடி கிட்டத்தட்ட 5 கிலோ வருது, 8 மில்லிமீட்டர் டைல் 2 கிலோ கூட வராது. எங்க வீட்டு 700 சதுர அடிக்கு கல்லு மட்டும் மூணரை டன், அடில போடற ஒன்றரை ரெண்டு இன்ச் கலவை அது தனி. கீழ்தளத்துக்கு ஒரு கவலையும் இல்ல, மேல்மாடிக்குன்னா இன்ஜினியர்கிட்ட முதல்லயே சொல்லிடணும், ஸ்லாப் கம்பி கட்டினப்புறம் சொல்லி பிரயோஜனம் இல்ல. அப்புறம் பாலிஷ் செலவு. கல்லு விலையைக் கேட்டதும் அட இவ்ளோ கம்மியான்னு தோணும், ஆனா போட்டு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு மெஷின் ஆளு வந்து நம்பர் நம்பரா சாணைக்கல்லு மாத்தி மாத்தித் தேய்ப்பாரு, சாம்பல் கலர் சேறு வீடு பூரா ஓடும், சுவர்ல முழங்கால் உயரத்துக்குத் தெறிக்கும், அதனால பெயிண்டிங்குக்கு முன்னாடியே இதை முடிச்சிடணும். இந்தக் கூலியைச் சேத்தா சுமாரான டைல் விலைக்கு வந்து நின்னுடுது. சீப்புன்னு நினைச்சு கோட்டா எடுக்காதீங்க, ரொம்ப நாள் உழைக்கணும்னு நினைச்சா எடுங்க.

இன்னொண்ணு உப்பு பூக்கறது. கடல் பக்கம், நிலத்தடித் தண்ணி மேல இருக்கிற ஏரியாவுல தரைக்குக் கீழ இருந்து ஈரம் ஏறும், கல்லு ஜாயிண்ட் வழியா வெளிய வந்து காஞ்சதும் வெள்ளையா பவுடர் மாதிரி நிக்கும். தொடைச்சா போகும், நாலு நாள்ல திரும்ப வரும். இது கல்லோட தப்பு இல்ல, அடில ஈரம் தடுக்க ஒண்ணும் போடாதது தப்பு. எங்க மேஸ்திரிகிட்ட பிசிசிக்கு (தரைக்கு அடில போடற கம்பி இல்லாத கான்கிரீட்) அடில பாலிதீன் ஷீட் விரிங்கண்ணான்னு சொன்னேன், "அதெல்லாம் ஆபீஸ் பில்டிங்குக்கு மேடம்"னாரு. நான் விடல, ஷீட்டை நானே வாங்கிட்டுப் போய்க் குடுத்தேன். கலவைக்கு போர் தண்ணி ஊத்தக் கூடாதுன்னும் சொல்லியிருக்கேன், எங்க தெரு போர் தண்ணி வாயில வெச்சா கரிக்கும், அதை ஊத்தி கலவை போட்டா உப்பை நாமளே உள்ள வெச்சு மூடற மாதிரி.

இப்போ மணற்கல்லு. இங்கதான் இன்ஜினியரோட எனக்கு சண்டை.

தோல்பூர் கல்லு அழகு, அதுல மாத்துக் கருத்தே இல்ல. டெல்லில ராஷ்டிரபதி பவன் கட்டின கல்லு. மணல் துகளை ஒட்டி வெச்சிருக்கிறது பெரும்பாலும் சிலிக்கா, அதனால புளி, எலுமிச்சை எதுவும் இதை அசைக்காது. சிவப்பு வகைல கலர் குடுக்கறது இரும்பு ஆக்சைடு. பிரச்சினை என்னன்னா எவ்ளோ கெட்டியா இருந்தாலும் துகளுக்கும் துகளுக்கும் நடுவுல இடைவெளி இருக்கும், தண்ணி உறிஞ்சும். உப்பு கலந்த கடல் ஈரம் ராத்திரி உள்ள போகும், மத்தியானம் வெயில்ல தண்ணி மட்டும் ஆவியாகும், உப்பு உள்ளயே படிகமா வளரும், வளர்ந்து துகளைத் தள்ளும். இது டெய்லி நடக்கும். வருஷம் போகப் போக மேல்பரப்பு தொட்டா மணலா உதிர ஆரம்பிக்கும்.

டெல்லில கடல் இல்ல சார்னு சொன்னேன். சீலர் அடிச்சா போதும் மேடம்னாரு.

கல்லு எப்படி வயசாகுதுன்னு பாக்கணும்னா காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குப் போங்க. எட்டாம் நூற்றாண்டு ஆரம்பத்துல ராஜசிம்ம பல்லவன் கட்டினது. அடிப்பீடத்துல கருங்கல்லு, மேல சுவரும் சிற்பமும் மணற்கல்லு, ஒரே கட்டடத்துல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்குது. கீழ கருங்கல்லு விளிம்பு இன்னும் கையை அறுக்கற மாதிரி ஷார்ப்பா இருக்கு, மேல தூண் சிங்கங்கள் பல இடத்துல மூஞ்சி கரைஞ்சு சோப்புக்கட்டி மாதிரி ஆயிருக்கு, பின்னாடி காலத்துல சுதை பூசி மறைச்ச இடமும் தெரியும். அது 1300 வருஷம், நம்ம வீடு அவ்வளவு நாள் நிக்கப் போறதில்ல, ஒத்துக்கறேன். அது கடலை விட்டுத் தள்ளி இருக்கு, அதையும் சேத்துக்குங்க.

அதுக்காக மெட்ராஸ்ல மணற்கல்லே கூடாதுன்னும் சொல்ல முடியாது. எழும்பூர் மியூசியத்துல தேசியக் கலைக்கூடம் இருக்கே, ஹென்றி இர்வின் டிசைன் பண்ணி 1909ல திறந்தது, அந்த இளஞ்சிவப்பு கட்டடம் சத்தியவேடு மணற்கல்லு. சத்தியவேடு நம்ம பக்கத்துலதான், ஊத்துக்கோட்டையைத் தாண்டினா வந்துடும். தூரத்துல இருந்து கல்லு கொண்டு வராம பக்கத்துலயே தேடி எடுத்திருக்காங்க. எழும்பூரும் கடலுக்கு ரொம்ப தூரம் இல்லைதான், ஆனா முழுக் கல்லை அடுக்கிக் கட்டினதும் இன்னைக்கு நாம 20 மில்லிமீட்டர் பலகையை சிமெண்ட் வெச்சு ஒட்டறதும் ஒண்ணு இல்ல. ஒட்டினதுல பின்னாடி சிமெண்ட்ல இருக்கிற உப்பும் கல்லு வழியாத்தான் வெளிய வரணும், முன்னாடி இருந்து கடல் உப்பு, பின்னாடி இருந்து சிமெண்ட் உப்பு, நடுவுல கல்லு மாட்டிக்கும்.

அப்படியும் ஆசை விடலைன்னா கிளாம்ப் போட்டு சுவருக்கும் கல்லுக்கும் நடுவுல காத்துப்போக இடம் விட்டு மாட்டச் சொல்லுங்க. கிளாம்ப் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல 316 கிரேடா இருக்கணும், 304 கடல் பக்கம் துரு கட்டும், பில்லுல 316ன்னு எழுதி வாங்குங்க. சீலர்னா மேல பிளாஸ்டிக் மாதிரி படலம் போடறது வேணாம், உள்ள இறங்கி தண்ணியை மட்டும் தடுக்கற சிலேன் சிலாக்சேன் வகை வேணும், அதையும் சில வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப அடிக்கணும். நவம்பர் மழைக்கப்புறம் வடக்குப் பக்கம் கறுப்பா பாசி பிடிக்கும், அதுக்கு ஆள் கூப்பிட்டுக் கழுவணும். இதெல்லாம் கேட்டப்புறம் அம்மா கேட்ட ஒரே கேள்வி, "சுவரைக் குளிப்பாட்ட நீ லீவு போட்டுட்டு வருவியா?" எலிவேஷனுக்கு பெயிண்டே போதும்னு முடிஞ்சுது. சாரம் கட்டாம கை எட்டற இடமா, வீட்டுக்குள்ள டிவிக்குப் பின்னாடி ஒரு சுவர் மட்டும் தோல்பூர் போடலாம்னு இன்ஜினியரை சமாதானப்படுத்தியிருக்கேன். அங்க உப்புக்காத்தும் கம்மி, மழையும் இல்ல, அவருக்கும் மனசு ஆறும்.

டிராவர்டைன் பத்தி ரெண்டு வரி. சுண்ணாம்புக் கல்லு, அதுலயும் ஓட்டை ஓட்டையா இருக்கிற சுண்ணாம்புக் கல்லு, இறக்குமதி விலை. புளிக்கும் கரையும், ஓட்டைல அழுக்கும் சேரும். சித்தி பொண்ணு பெங்களூர்ல பதினாலாவது மாடில இருக்கா, அவ போடட்டும். ஜெய்சல்மேர் மஞ்சள் பூஜை ரூம் தரைக்கு நல்லாருக்கும், ஆனா எண்ணெய் சிந்தினா உள்ள இறங்கிடும்னு விளக்கு ஏத்தற வீட்ல பயந்துட்டு விட்டுட்டேன்.

கடைக்குப் போறப்போ நான் பண்ணினது சொல்றேன். புழல் பக்கம் ஜிஎன்டி ரோட்ல வரிசையா கல்லு குடோன், அங்கதான் போனோம். போற வழில செங்குன்றம் போர்டு பாத்தா பேர்லயே கல்லு இருக்கு, அந்தச் சிவப்பு செம்பூராங்கல்லு, அது படிவு இல்ல, பாறை அங்கேயே மக்கி மிஞ்சினது. பையில ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துட்டுப் போயிருந்தேன். பாலிஷ் பண்ணின சாம்பிள் மேல ஒரு சொட்டு விட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சுத் தொடைச்சா, சுண்ணாம்புக் கல்லுல பளபளப்பு போய் மங்கலா ஒரு பொட்டு தெரியும், கிரானைட்லயும் தோல்பூர்லயும் ஒண்ணும் ஆகாது. கடைக்காரர் முதல்ல முறைச்சாரு, "பொட்டு வெச்ச பீஸை நீங்கதான் மேடம் எடுத்துக்கணும்"னு சிரிச்சுட்டே சொன்னாரு, அப்புறம் அவரே உள்ள இருந்து உடைஞ்ச துண்டா நாலு எடுத்துக் குடுத்தாரு.

அந்தத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டு வந்து நல்லா வெயில்ல காய வெச்சு கிச்சன் தராசுல நிறுத்து, ஒரு நாள் முழுக்க தண்ணில போட்டு, ஈரத்தைத் துணியால ஒத்தி எடுத்து மறுபடி நிறுத்தேன். ஐஎஸ் 1124ன்னு கட்டடக் கல்லுக்கு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, லேப்ல இதையே ஒழுங்கா பண்ணுவாங்க, நம்மளோடது ஏழைக்கேத்த எள்ளுருண்டை. கோட்டாவும் கடப்பாவும் அரைக் கிலோ துண்டுக்கு ரெண்டு மூணு கிராம் ஏறுச்சு, மணற்கல்லு பதினஞ்சுக்கு மேல. இன்ஜினியர் வாயை அடைச்சது என் பேச்சு இல்ல, இந்தத் தராசுதான்.

கிச்சன் மேடைக்கு கடைசில கறுப்பு கிரானைட் எடுத்தாச்சு, அது படிவுப் பாறை கணக்குல வராது, ஆனா புளி ஊறப்போடற வீட்டுக்கு வேற நியாயமான பதில் எனக்குத் தெரியல. போர்ட்டிகோவுக்கும் கார் நிக்கற இடத்துக்கும் கோட்டாவே, பாலிஷ் இல்லாம ரஃப்பா, ஏன்னா பாலிஷ் கோட்டா மழைல நனைஞ்சா வழுக்கும், எதிர் வீட்டு மாமா போன ஐப்பசில விழுந்து மணிக்கட்டுல கட்டுப் போட்டிருந்தாரு. மொட்டை மாடிக்கு கல்லே இல்ல, வழக்கமான தட்டோடுதான்.

ஆர்டர் போடறப்போ அளவை விட பத்து பர்சென்ட் கூட சொல்லிடுங்க, மூலை வெட்டுல போகும், உடையும், முக்கியமா அடுத்த லோடுல கலர் மாறி வரும், ஒரே குவாரில கூட ஒரு அடுக்கு பச்சை அடுத்த அடுக்கு பழுப்பு. எங்களோடது வர்ற வியாழக்கிழமை வருதாம். ராத்திரிதான் லாரி தெருவுக்குள்ள வர முடியும், இறக்குக் கூலி தனி, அதை முன்னாடியே பேசிக்கல, இப்போ ஃபோன்ல பேரம் ஓடிட்டு இருக்கு. பழைய மேடைக் கல்லை உடைக்காம பேத்து எடுக்கச் சொல்லியிருக்கேன், பின்னாடி துவைக்கற இடத்துல போடணும்னு அம்மா கேட்டிருக்காங்க.